அட்வான்ஸுக்கு முன்னால் ஆவணம்



வீடு விற்பதிலும் வாங்குவதிலும் செய்ய வேண்டிய சீர்திருத்தங்களைப் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் ஒரு வீடு கைமாறும்போது தரகருக்குக் கமிஷன் கிடைக்கிறது. ஆவண எழுத்தருக்கு எழுத்துக்கூலியும், எங்களைப் போன்ற வழக்கறிஞர்களுக்குக் கருத்துரைக் கட்டணமும், வங்கிக்குச் செயலாக்கக் கட்டணமும், அரசுக்கு முத்திரைத் தீர்வையும் வந்து சேர்கின்றன. பத்திரத்தில் பழுது இருந்தால் அதன் சுமை மட்டும் வாங்கியவர் தலையில் விடிகிறது. இந்த ஏற்பாட்டை அப்படியே வைத்துக்கொண்டு இணையப் பதிவு, செயலி, கணினி என்று எத்தனை கொண்டுவந்தாலும் வேலை விரைவாக நடக்கும். வாங்குபவருக்குப் பாதுகாப்பு அதிகரிக்காது.

60 லட்சம் ரூபாய்க்கு ஒரு பழைய வீட்டை வாங்குகிறவர் 7 சதவீதம் முத்திரைத் தீர்வை, 2 சதவீதம் பதிவுக் கட்டணம் என்று 5 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் செலுத்துகிறார். அவருக்கு அரசு என்ன உறுதி தருகிறது? இன்னார் இன்னாருக்கு எழுதிக்கொடுத்தார் என்பதற்கு அரசு சாட்சி. எழுதிக்கொடுத்தவருக்கு அந்தச் சொத்தில் உரிமை இருந்ததா என்பதற்கு அரசு பொறுப்பில்லை. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் ஆவணத்தைப் பதிவு செய்கிறது, உரிமையைப் பதிவு செய்வதில்லை. படித்தவர்களில்கூடப் பலருக்கு இது தெரியாது. ‘ரிஜிஸ்டர் ஆயிடுச்சு’ என்றால் எல்லாம் முடிந்தது என்று நிம்மதியாக வீட்டுக்குப் போகிறார்கள்.

இந்தக் குறையைப் பதிவுத்துறை உணராமல் இல்லை. முந்தைய மூலப் பத்திரத்தைக் காட்டினால்தான் பதிவு என்று தமிழ்நாடு பதிவு விதிகளில் 55-ஏ சேர்க்கப்பட்டது. போலிப் பத்திரங்களை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்யலாம் என்று 2022இல் பதிவுச் சட்டத்தில் 77-ஏ பிரிவு வந்தது. அந்தப் பிரிவைச் சென்னை உயர்நீதிமன்றம் 2024இல் செல்லாததாக்கியது. 55-ஏ விதியின் முதல் உட்பிரிவை உச்சநீதிமன்றம் 2025 ஏப்ரலில், கே. கோபி வழக்கில் ரத்து செய்தது. எழுதிக்கொடுப்பவருக்கு உரிமை உண்டா என்று ஆராயும் அதிகாரம் சார்பதிவாளருக்குப் பதிவுச் சட்டத்தில் இல்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். சட்டப்படி அது சரியான தீர்ப்பு என்றே கருதுகிறேன். ஒரு பரம்பரைச் சொத்தின் உரிமையை அலுவலர் ஒருவர் மேசையில் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் தீர்மானிக்க முடியாது; தீர்மானிக்கவும் கூடாது. ஆனால் அந்தக் கதவு அடைபட்ட பிறகு, வாங்குகிறவர் எந்த வாசலில் போய் நிற்பது? இந்தக் கருத்தரங்கின் இரண்டு நாளும் நாம் விடை தேட வேண்டிய கேள்வி அதுதான்.

அரசே உரிமைக்கு உத்தரவாதம் தரும் முறை ஒன்று உலகில் இருக்கிறது. ராபர்ட் டோரன்ஸ் 1858இல் தென் ஆஸ்திரேலியாவில் கொண்டுவந்த முறை அது. நம்மவர் பலர் வீடு வாங்கி வாழும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அந்த வழியில்தான் நிலப் பதிவேடு நடக்கிறது. பதிவேட்டில் யார் பெயரோ அவரே உரிமையாளர். பேராசிரியர் டி.சி. வாத்வா 1980களின் இறுதியிலேயே இந்தியாவுக்கும் அதைப் பரிந்துரைத்தார். ராஜஸ்தான் 2016இல் நகர்ப்புற நிலங்களுக்கு ஒரு சட்டம் செய்தது. ஆந்திரம் 2022இல் சட்டம் செய்து, 2023இல் நடைமுறைக்குக் கொண்டுவந்து, 2024இல் தானே அதைத் திரும்பப் பெற்றது. ஆந்திரத்தில் நடந்ததை நாம் ஆழ்ந்து படிக்க வேண்டும். பதிவேடு பிழையாக இருக்கும்போது அதையே இறுதி என்று அறிவித்தால், பிழையும் இறுதியாகிவிடும் என்று சிறு உடைமையாளர்கள் அஞ்சினார்கள். அந்த அச்சம் நியாயமானது.

நம் பட்டாக்களிலும் அந்தப் பிழைகள் உண்டு. 1979இல் தொடங்கி 1987இல் முடிந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பெயர் மாறிப் பதிவானவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் கோட்டாட்சியர் அலுவலகப் படியேறிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே முதல் வேலை பதிவுத்துறை ஏடும் வருவாய்த்துறை ஏடும் ஒன்றையே சொல்லும்படி செய்வது. உட்பிரிவு தேவைப்படாத கிரயங்களுக்குப் பட்டா தானாகவே மாறும் வசதி வந்திருக்கிறது, வரவேற்கிறேன். உட்பிரிவு என்று வந்துவிட்டால் நில அளவருக்குக் காத்திருக்கும் நிலை இன்னும் தீரவில்லை. பெரிய சட்டக் கனவுகளைக் காட்டிலும், போதுமான நில அளவர்களை நியமிப்பது வீடு வாங்குவோருக்கு உடனடியாக உதவும்.

அடுத்து வில்லங்கச் சான்று. இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம் என்ற நிலை வந்தது பெரிய முன்னேற்றம். ஆனால் அதில் என்னென்ன வராது என்பதையும் மக்களுக்குச் சொல்ல வேண்டும். பதிவான ஆவணம் மட்டுமே அதில் வரும். சொத்துக்காரர் இறந்து வாரிசுகளுக்கு உரிமை போவது வராது, ஏனென்றால் மரணத்துக்குப் பத்திரம் இல்லை. பதிவு செய்யாத உயில் வராது. பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்துக் கடன் வாங்கி, அதைப் பதிவு செய்யாமல் விட்டிருந்தால் அதுவும் வராது. அதற்குச் செர்சாய் என்ற மத்தியப் பதிவேட்டில் தனியாகத் தேட வேண்டும். 2011இலிருந்து இயங்கும் அந்தப் பதிவேட்டின் பெயரையே வீடு வாங்குவோரில் பெரும்பாலோர் கேள்விப்பட்டதில்லை. சொத்தின்மீது நீதிமன்றத்தில் வழக்கு நடந்துகொண்டிருந்தால் அதுவும் சான்றில் தெரியாமல் போகலாம். வழக்கு நடக்கும்போது வாங்கியவரைத் தீர்ப்பு கட்டுப்படுத்தும் என்கிறது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் ஒரு பிரிவு. அன்றைய பம்பாய் மாகாணம் 1939இலேயே அந்தப் பிரிவைத் திருத்தி, வழக்கு பற்றிய அறிவிப்பைப் பதிவு செய்திருந்தால்தான் வாங்கியவரைக் கட்டுப்படுத்தும் என்று ஆக்கியது. மகாராஷ்டிரமும் குஜராத்தும் இன்றும் அப்படியே நடக்கின்றன. நாம் ஏன் இன்னும் அதைச் செய்யவில்லை? ஒரே ஒரு திருத்தம் எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றும்.

என்னிடம் வந்த ஒரு கோப்பைச் சொல்கிறேன். தாம்பரத்துக்கு அப்பால் ஒரு தனி வீடு. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வாங்க விரும்பினார். வில்லங்கச் சான்றில் இரண்டே பதிவுகள்: 1996இல் அண்ணன் தம்பி இருவரின் பாகப்பிரிவினை, 2014இல் தம்பி தன் மனைவிக்கு எழுதிய செட்டில்மெண்ட். சுத்தமான சொத்து என்றார் தரகர். ஆசிரியர் 5 லட்சம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். வங்கிக்குக் கொடுக்கத் தாய்ப் பத்திரம் கேட்டபோதுதான் 1968ஆம் ஆண்டுக் கிரயம் வெளியே வந்தது. அது அந்தச் சகோதரர்களின் அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்து. உயில் எழுதாமல் இறந்திருக்கிறார். வாரிசுச் சான்றில் மூன்று பெயர்கள். மூன்றாவது பெயர் மகள். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருக்கும் சம பங்கு உண்டு. பாகப்பிரிவினையில் அவர் கையெழுத்து இல்லை. திருச்சியில் இருந்த அந்த அம்மாளைத் தேடிப் போனபோது அவர் சண்டை போடவில்லை. “இத்தனை வருஷத்துல என்னை யாருமே கேக்கலையே” என்றார். கடைசியில் அவரும் விற்பவராகச் சேர்ந்து, தன் பங்கைப் பெற்றுக்கொண்டு கையெழுத்திட்ட பிறகே கிரயம் நடந்தது. அதற்குள் ஆசிரியரின் வங்கிக் கடன் ஒப்புதல் காலாவதியாகி, மறுபடி முதலிலிருந்து அலைய வேண்டியதாயிற்று.

இதில் மோசடிக்காரர் என்று யாரையும் சொல்ல முடியாது. தாய்ப் பத்திரமும் வாரிசுச் சான்றும் அட்வான்ஸுக்கு முன்னால் மேசைக்கு வந்திருந்தால், வாங்குபவர் அலைந்திருக்க மாட்டார், மகளின் உரிமையும் முப்பது ஆண்டு புதைந்து கிடந்திருக்காது. விடுபட்ட பெயர்களில் பெரும்பாலானவை பெண்களின் பெயர்கள் என்பதை இந்த அவை மறந்துவிடக் கூடாது.

நம் நடைமுறையின் மிகப் பலவீனமான இடம் அட்வான்ஸ்தான். டோக்கன் அட்வான்ஸ் என்று ஒரு தொகை, பிறகு ஒப்பந்தம் போட்டு ஒரு தொகை. அசையாச் சொத்துக்கான விற்பனை ஒப்பந்தத்தைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று தமிழ்நாடு 2012இலேயே சட்டத்தைத் திருத்திவிட்டது. நடப்பது என்ன? முத்திரைத்தாளில் இருவர் கையெழுத்து, சாட்சிக்குத் தரகர், அவ்வளவுதான். அதே வீட்டை அடுத்த வாரம் இன்னொருவருக்குப் பேசி முடித்தாலும் முதலாமவரின் ஒப்பந்தம் எந்த ஏட்டிலும் தெரியாது. புதிய அடுக்ககத் திட்டங்களில் பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கட்டுநர் வாங்கக்கூடாது என்று ரெரா எனப்படும் 2016ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் சொல்கிறது. பழைய வீடு வாங்குகிறவருக்கு அந்தக் காப்புக்கூட இல்லை.

ரெராவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 உயிர்கள் போன ஊர் நம்முடையது. கட்டமைப்புக் குறைக்கு 5 ஆண்டுப் பொறுப்பு, வாங்கியோர் பணத்தில் 70 சதவீதத்துக்குத் தனிக் கணக்கு என்ற விதிகளின் அருமை நமக்குத் தெரியும். ஆனால் நிலம் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத திட்டங்களுக்கும், எட்டு வீடுகளுக்கு மேற்படாத திட்டங்களுக்கும் பதிவு தேவையில்லை. சென்னையில் இரண்டு கிரவுண்டு என்பது ஏறத்தாழ 446 சதுர மீட்டர். பழைய தனி வீட்டை இடித்து, உடைமையாளரும் கட்டுநரும் கூட்டாகக் கட்டும் நம் தெருக்களின் அடுக்ககங்களில் பெரும்பகுதி இந்த வரம்புக்குள் வந்துவிடுகிறது. நடுத்தரக் குடும்பங்கள் வாங்குவதும் இவற்றைத்தான். வரம்பைக் குறைக்கும் அதிகாரத்தைச் சட்டம் மாநில அரசுக்கே கொடுத்திருக்கிறது. அதைப் பயன்படுத்த வேண்டும்.

மறுபடி பழைய வீடு வாங்குகிறவருக்கு வருவோம். அவருக்கான காப்புக்கு வெளிநாட்டில் ஒரு முன்மாதிரி உண்டு.

ஸ்காட்லாந்தில் 2008 டிசம்பர் முதல் ஒரு விதி இருக்கிறது. பழைய வீட்டை விற்க விளம்பரம் செய்யும் முன்பே, விற்பவர் தன் செலவில் ஓர் அறிக்கை தயாரித்து வைக்க வேண்டும். கட்டடத்தின் நிலை பற்றிய ஆய்வும், எரிசக்தி விவரமும், விற்பவரே விடையளித்த கேள்விப் பட்டியலும் அதில் அடங்கும். பக்கத்திலேயே இருக்கும் இங்கிலாந்து 2007இல் இதைப் போன்ற ஒன்றைத் தொடங்கி 2010இல் கைவிட்டது. கட்டட நிலை ஆய்வு கட்டாயம் என்பதைத் தொடங்கும் முன்பே எடுத்துவிட்டார்கள். மிஞ்சிய காகிதக் கட்டுக்குச் செலவு செய்ய மக்களுக்கு மனம் வரவில்லை. வாங்குபவருக்கு உண்மையில் தேவைப்படும் விவரம் இல்லாத கோப்பு நிலைக்காது என்பதற்கு அது சான்று.

நமக்கு அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. தனக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரண கவனத்தால் கண்டுபிடிக்க முடியாத பழுதை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு 1882லிருந்து சொல்லிவருகிறது. எப்போது, எந்தப் படிவத்தில் என்று மட்டும் அது சொல்லவில்லை. ‘விற்பவர் கோப்பு’ என்று அந்தப் படிவத்தை வகுக்கும் வேலை நம்முடையது. தாய்ப் பத்திரம் தொடங்கி உரிமைத் தொடர்ச்சி, வாரிசுச் சான்றும் அதிலுள்ள ஒவ்வொருவரும் கையெழுத்திட்ட இடமும், பட்டா, புலப்படம், கட்டட அனுமதி, செர்சாய் தேடல், வழக்கு உண்டா இல்லையா என்ற உறுதிமொழி ஆகியவை அதில் இருக்க வேண்டும். விற்பவர் கையெழுத்திட்டுப் பதிவுத்துறைத் தளத்தில் ஏற்றிய பிறகே விற்பனை ஒப்பந்தம் பதிவாக வேண்டும். சார்பதிவாளர் இதில் உரிமையைத் தீர்ப்பளிக்கப் போவதில்லை. பொய் சொன்னவர் பொறுப்பாளி ஆவார், அவ்வளவே. இதற்குச் சட்டத் திருத்தம் வேண்டும். விதியாக மட்டும் செய்தால் 55-ஏ விதிக்கு நேர்ந்தது இதற்கும் நேரும்.

தரகர் நண்பர்களுக்கு இது தொழிலைக் கெடுக்கும் என்ற கவலை வேண்டாம். பேசி முடித்த வியாபாரம் பத்திரப் பழுதால் கலைந்தால் கமிஷனும் போகிறது, பெயரும் போகிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பழைய வீடுகளை முடித்துத் தரும் தரகர்களுக்கு இன்று பதிவும் இல்லை, பயிற்சியும் இல்லை. அந்த அங்கீகாரத்தை நீங்களே முன்வந்து கேட்க வேண்டும்.

அறிஞர்களே, நிறைவு அமர்வில் தீர்மானங்கள் எழுதப்படும். விற்பவர் கோப்பு இல்லாமல் அட்வான்ஸ் இல்லை என்பதை முதல் தீர்மானமாக வையுங்கள். வழக்கு அறிவிப்பைப் பதிவு செய்யும் பம்பாய்த் திருத்தத்தைத் தமிழ்நாடு ஏற்க வேண்டும் என்பதை இரண்டாவதாக வையுங்கள். ரெரா வரம்பைக் குறைப்பது மூன்றாவதாக இருக்கட்டும். மூன்றையும் வரைவுச் சட்ட வாசகமாகவே எழுதி அரசிடம் கொடுப்போம். கோரிக்கை மனுக்கள் போதுமான அளவு கொடுத்தாகிவிட்டது. கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.