பாம்பு கடித்தால் சிறுநீரைக் கவனியுங்கள்

(பேகம்பூரில் நடந்த குடும்ப நலக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





நாம் டவுனில் குடியிருந்தாலும், தோட்டம், தென்னந்தோப்பு, பூக்காடு என்று போய்வருகிறவர்கள் நம்மில் பலர். அங்கெல்லாம் கண்ணாடி விரியன் இருக்கிறது. அதன் விஷம் இரத்தம் உறைவதைக் கெடுக்கும். இரத்த அழுத்தத்தைக் குறைக்கும். சிறுநீரகத்தின் நுண்ணிய குழாய்களை அடைக்கும். காலில் கடிபட்ட இடம் ஆறிவரும்போதே உள்ளே சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருக்கலாம்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் அப்படித்தான் நடந்தது. கால் வீக்கம் வற்றியதென்று எல்லோரும் நிம்மதியானார்கள். ஒன்றரை நாளாகச் சிறுநீர் சரியாகப் போகவில்லை என்பதை அந்தத் தாய் வெட்கப்பட்டு மகனிடம் சொல்லவில்லை. முகம் வீங்கிய பிறகுதான் தெரிந்தது. பல தடவை டயாலிசிஸ் செய்து, அல்லாஹ்வின் கிருபையால் பிழைத்தார்.

ஒளுவைப் பற்றியும் தஹாரத்தைப் பற்றியும் ஆலிமிடம் மஸ்அலா கேட்க நாம் வெட்கப்படுவதில்லை. உயிர் காக்கும் விஷயத்தில் மட்டும் வெட்கம் எதற்கு?

இந்த அடையாளங்களை மனதில் வையுங்கள். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருப்பது. ஒரு நாளில் மொத்தம் 400 மில்லிக்கும், அதாவது இரண்டு டம்ளருக்கும், குறைவாகப் போவது. சிவப்பாகவோ கடுங்காப்பி நிறத்திலோ போவது. இடுப்புக்கு மேல் முதுகின் இரு பக்கமும் வலி. கண்ணிமை, முகம், பாதம் வீங்குவது. ஓயாத குமட்டல், மூச்சு வாங்குதல், மயக்கநிலை. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். வீடு திரும்பிய சில நாட்களிலும் இவை வரலாம். ஆகவே டிஸ்சார்ஜ் ஆகும்போதே, "கிரியாட்டினின் டெஸ்ட் மறுபடி எப்போது எடுக்க வேண்டும்?" என்று கேளுங்கள். டாக்டர் சொல்லாமல் வலி மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். பல வலி மாத்திரைகள் சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும்.

இதையெல்லாம்விட முக்கியம், கடித்தவுடன் ஆஸ்பத்திரிக்குப் போவது. இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். கடிபட்டவரை நடக்க விடாமல் 108-ஐ அழையுங்கள். விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். அது எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறதோ, சிறுநீரகம் தப்பிக்க அவ்வளவு வாய்ப்பு. 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை, மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்ததிலிருந்தே இதன் முக்கியத்துவம் விளங்கும்.

ஓதிப் பார்ப்பதை நான் தடுக்கவில்லை. ஆம்புலன்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டு ஓதுங்கள். துஆவும் மருந்தும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல.

வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் பாதுகாப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.