பென்சன் எடுத்த பிறகு பார்ப்பம்

இந்த நிகழ்ச்சியைச் செய்கிற தம்பி என்னிடம் வந்து, "அண்ணை, ஓய்வு பெற்ற ஆக்கள் பொழுதை எப்படிப் போக்கிறது எண்டு ஒரு பத்து நிமிசம் கதையுங்கோ" என்று கேட்டார். நான் மேடையில் பேசிப் பழகியவன் அல்ல. முப்பத்தெட்டு வருடம் உணவகச் சமையலறையில் நின்றவன். அங்கே மனிதரின் பேச்சைவிடச் சட்டிகளின் சத்தம்தான் கூட. ஆனாலும் ஒத்துக்கொண்டேன். 1983க்குப் பிறகு இருபது, இருபத்தைந்து வயதில் இந்த நாட்டில் வந்திறங்கிய நாங்கள் எல்லோரும் இப்போது ஏறக்குறைய ஒன்றாகவே அறுபத்தைந்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறோம். அவர்களில் என்னைப்போலத் தனித்துப்போனவர்களும் இருக்கிறார்கள். அவர்களை நினைத்துத்தான் இன்றைக்கு உங்கள் முன் வந்திருக்கிறேன்.

நான் சுவிசுக்கு வந்தது 1985இல். டொச் மொழியில் "சூக்" என்றால் புகையிரதம். எனக்குக் கிடைத்த ஊரின் பெயரும் சூக். "சூக் எடுத்து சூக்குக்குப் போ" என்று ஒரு நண்பன் சொன்னபோது அவன் பகிடி விடுகிறான் என்றே நினைத்தேன். ஆனால் ஊருக்கு அந்தப் பெயர் புகையிரதத்தால் வரவில்லையாம். ஏரியில் வலை இழுக்கும் உரிமையைக் குறித்த பழைய சொல்லாம். எங்கள் கடற்கரைகளில் கரைவலை இழுக்கும் இடத்தைப் "பாடு" என்று சொல்வோமே, அதுபோல. இதைக்கூட நான் அறிந்தது வேலையை விட்ட பிறகுதான்.

மனைவி 1991இல் வந்து சேர்ந்தா. எனக்குப் பின்நேரம் நாலு மணி தொடக்கம் இரவு பதினொரு மணி வரை உணவகத்தில் வேலை. அவவுக்கு ஆறு மணிக்குப் பிறகு அலுவலகங்கள் துப்புரவு செய்யும் வேலை. பிள்ளைகள் வளர்ந்தார்கள், படித்தார்கள், கலியாணம் செய்து போனார்கள். இடையில் அவ ஏதாவது ஆசைப்பட்டுக் கேட்டால் என்னிடம் ஒரே மறுமொழிதான் இருந்தது: "பென்சன் எடுத்த பிறகு பார்ப்பம்." சூக்கர்பேர்க் மலைக்கு ஏறும் இழுவை வண்டி 1907ஆம் ஆண்டிலிருந்து ஓடுகிறது. எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரத்தில் அதன் அடிவாரத்துக்குப் போய்விடலாம். அதில் ஒருநாளும் நாங்கள் இருவரும் சேர்ந்து ஏறவில்லை.

2023 நவம்பர் 19ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை அவ காலமானா. வருத்தம் தெரிந்து மூன்று மாதம்தான். அடுத்த வருடம் மே மாதத்தில் எனக்கு ஓய்வு வந்தது. முழு ஓய்வூதியத்துக்கு 44 வருடம் கட்டியிருக்க வேண்டும். இருபத்தாறு வயதில் வந்தவனுக்கு அது எங்கே வரப்போகிறது! காசுக் கணக்கை இன்னொருவர் இன்னொரு நாளைக்குச் சொல்லட்டும்.

முதல் மாதங்களைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், அனுபவித்தவர்களுக்குத் தெரியும். இரண்டு பேருக்கு அரிசி போட்டுவிடுவேன். நாலு மணியானால் கை தானாகச் சப்பாத்தைத் தேடும். என்ன கிழமை என்பதே மறந்துவிடும். ஒருநாள் ஞாயிற்றுக்கிழமை என்று தெரியாமல் கடை வாசலில் போய்ப் பூட்டிய கதவைத் தள்ளிக்கொண்டு நின்றேன்.

அந்தக் காலத்தில்தான் எங்கள் ஊர் மணிக்கூட்டுக் கோபுரத்தை முதன்முதலாக ஆறுதலாக நின்று பார்த்தேன். சீட்டூர்ம் என்பார்கள். "சீட்" என்றால் இவர்களின் பேச்சில் நேரம். 52 மீற்றர் உயரம், நீலமும் வெள்ளையுமாக ஓடு வேய்ந்த கூரை. அதன் கீழால் எத்தனை ஆயிரம் தடவை நடந்திருப்பேன்! எப்போதும் பெரிய மணிக்கூட்டை மட்டும் பார்த்துவிட்டு ஓடியிருக்கிறேன். அதற்குக் கீழே 1574ஆம் ஆண்டின் இன்னொரு மணிக்கூடு இருக்கிறது. அதில் நாலு கம்பிகள். ஒன்று கிழமையைக் காட்டும், ஒன்று மாதத்தை, ஒன்று நெட்டாண்டை, மற்றது சந்திரனின் வளர்வையும் தேய்வையும். என்ன கிழமை என்று மறந்தவனுக்காகவே நானூற்றைம்பது வருடத்துக்கு முன்பு யாரோ செய்து வைத்ததுபோல இருந்தது. நம்பினால் நம்புங்கள், அன்றைக்குச் சிரித்தேன். பல மாதத்துக்குப் பிறகு வந்த முதல் சிரிப்பு. சிரித்த கையோடு, யாரும் பார்த்தார்களோ என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். மனைவியைப் பறிகொடுத்தவன் தெருவில் நின்று சிரிப்பதாவது!

அந்த வெட்கம் ஏரிக்கரையில் இன்னும் கூடியது. சூக் நகரம் மேற்கைப் பார்த்து இருப்பதால் பொழுது ஏரிக்கு மேலாகத்தான் படும். இந்த ஊர் அதற்குப் பேர்போனது. வெளியூர் ஆட்கள் அதைப் பார்ப்பதற்கென்றே வருவார்கள். நானோ முப்பத்தெட்டு வருடமாக அந்த நேரத்தில் அடுப்புக்கு முன்னால். யூன் மாதத்தில் ஒருநாள் இரவு ஒன்பது மணிக்குப் பிறகு கரையில் ஒரு வாங்கில் போய் இருந்தேன். தண்ணீர் முதலில் மஞ்சள், பிறகு செப்புப் பாத்திரத்தை மினுக்கி வைத்ததுபோல, பிறகு கத்தரிப்பூ நிறம். ஒரு தாரா தனியாக அதைக் கீறிக்கொண்டு போனது. வடிவுதான். வடிவு என்று மனம் சொன்ன உடனேயே கோபம் வந்தது. அவ இதைப் பார்க்கவில்லை, நான் பார்க்க விடவில்லை. எழுந்து வீட்டுக்குப் போய்விட்டேன். ஒரு கிழமை அந்தப் பக்கம் போகவில்லை.

நான் இருந்த அந்தக் கரைக்கும் ஒரு கதை உண்டு. முன்பு அது வீடுகள் நெருங்கிய இடம். 1887 யூலை 5ஆம் திகதி பிற்பகலில் ஒரு பகுதியும் மாலையில் பெரும்பகுதியுமாக வீதியோடு வீடுகள் ஏரிக்குள் இறங்கிவிட்டன. அடியில் இருந்தது மெல்லிய சேற்று மண். மேலே கரைக்குச் சுவர் கட்டிக்கொண்டிருந்தார்கள். 11 பேர் இறந்தார்கள், பல நூறு பேர் வீடிழந்தார்கள். 1435இலும் அப்படியொரு தெரு போய் ஏறக்குறைய 60 பேர் மாண்டதாக எழுதி வைத்திருக்கிறார்கள். இன்று அந்த வளைகுடாவுக்கு எதிரேதான் சனங்கள் குளிர்களி சாப்பிட்டுக்கொண்டு பொழுதுபடுவதைப் பார்க்கிறார்கள். இதை வாசித்து அறிந்தபோது அந்தச் சனங்களில் எனக்கு ஏனோ கோபம் வரவில்லை.

என் மனதைத் திருப்பியது மகளின் ஒரு சொல். ஒருநாள் வந்திருந்தபோது, "அம்மா ஒண்டையும் காணாமல் போயிட்டா" என்று நான் அழுதேன். அவள் சொன்னாள்: "அப்பா, அம்மா எல்லாம் பார்த்தவ. நீங்கள்தான் பார்க்கேல்லை. ஸ்ரேசன் லைற் உங்களுக்கு ஞாபகம் இல்லையோ?"

எங்கள் ஊர்ப் புகையிரத நிலையத்தின் புதிய கட்டடம் 2003இல் திறக்கப்பட்டது. இருட்டினால் அதன் கண்ணாடி முகப்பு சிவப்பு, நீலம், பச்சை என்று நிறம் மாறி ஒளிரும். அவ வேலை முடிந்து, அங்கே பஸ்ஸுக்காகக் காத்துநின்று எனக்குத் தொலைபேசி எடுப்பா. கதவு பூட்டினது, பால் முடிந்தது, மகனுக்குக் காய்ச்சல் என்று எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், "இஞ்சாருங்கோ, இண்டைக்கு நீலம்" என்பா. இன்னொரு நாள், "இப்ப சிவப்பு, எங்கட கோயில் தேர்த்திருவிழா மாதிரி." நான் ஒரு கையில் சட்டியோடு, "ஓம் ஓம், வையும்" என்று சொல்லிவிடுவேன். இருபது வருடம்! அவ அதை எனக்குச் சொல்லாமல் விட்ட இரவு குறைவு. நான் அதைக் கேட்ட இரவு அதைவிடக் குறைவு.

அன்றிரவே நிலையத்துக்குப் போனேன். வெளியே நின்று முக்கால் மணித்தியாலம் பார்த்தேன். அந்த ஒளியை அமைத்தவர் ஜேம்ஸ் டரல் என்ற அமெரிக்கக் கலைஞர். உலகம் அறிந்தவர், வெளிச்சத்தையே தன் கலைக்குப் பொருளாக எடுத்தவர். அவ அவரின் பெயரை அறிந்திருக்க மாட்டா. ஆரோ வேலை முடிந்து போகிற ஆக்களை நினைத்துப் போட்ட லைற் என்றுதான் அவவின் எண்ணம். அது பிழை என்றும் எனக்குத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகுதான் திரும்ப ஏரிக்கரைக்குப் போகத் தொடங்கினேன். வடிவான ஒன்றைக் கண்டால் மனதுக்குள் அவவுக்குச் சொல்லுவேன். "இண்டைக்குத் தண்ணி சாம்பல் நிறம்." "மரக்கறிச் சந்தையில ஒரு கிழவி நாய்க்குக் குடை பிடிக்கிறா." அவ செய்த வேலையை இப்போது நான் செய்கிறேன். கவலை போய்விட்டது என்று சொல்ல வரவில்லை. சில நாளில் ஒன்றும் கண்ணில் படாது, தொலைக்காட்சியைப் போட்டுவிட்டுப் படுத்துவிடுவேன்.

ஆட்டைத் திவசத்தின் கதையையும் சொல்லிவிடுகிறேன். அவவின் திதி கார்த்திகை மாத வளர்பிறைச் சப்தமி. 2024இல் நவம்பர் 19 வந்து போனது. பக்கத்து வீட்டுச் சுவிஸ் அம்மா அன்றைக்கு ஒரு மெழுகுதிரி கொண்டுவந்து தந்தா. திதியோ டிசம்பர் 7ஆம் திகதி. இடையில் இருந்த அந்த பதினெட்டு நாளும் நான் தினமும் கோபுரத்தடிக்குப் போய்ச் சந்திரக் கம்பியைப் பார்த்தேன். பஞ்சாங்கம் வீட்டில் தொங்குகிறது, அது வேறு விசயம். திதியன்று காலையில் வானம் முழுக்க முகில். ஆனால் கம்பி அரைநிலாவில் நின்றது. வீட்டுக்கு வந்து அவவுக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பால்கறியும் முருங்கையிலை வறையும் பயித்தங்காய்க் கறியும் வைத்தேன். அவ சாடியில் வளர்த்த கறிவேப்பிலையில் இரண்டு நெட்டு முறித்துப் போட்டேன். குளிருக்கு உள்ளே எடுத்து வைத்தது, கொஞ்சம் மஞ்சள் அடித்திருந்தது. மணம் குறையவில்லை.

படைத்து முடித்து, பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் பேரன் கேட்டான்: "அம்மம்மா எப்ப வந்து சாப்பிடுவா?" என் மகள் என்னைப் பார்த்தாள். நான், "லைற் நிறம் மாறினாப் பிறகு" என்றேன். அவனுக்கு அது போதுமாக இருந்தது. பொழுதுபட்ட பிறகு அவனைக் கூட்டிக்கொண்டு நிலையத்துக்குப் போனேன். அவன் எண்ணி எண்ணி நிறம் சொன்னான்.

நேயர்களே, செவ்வாய்க்கிழமைகளில் பொழுதுபட ஒரு மணித்தியாலம் முன்பாக நான் அந்த ஏரிக்கரை வாங்கில் இருப்பேன். பறவைக் கூடுகளைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் கண்டுபிடிக்கலாம். கதைக்க வேண்டும் என்றில்லை, சும்மா வந்து இருக்கலாம். சுடுதண்ணிப் போத்தலில் இஞ்சி போட்ட தேத்தண்ணி இருக்கும். நான் இன்னும் இரண்டு பேருக்குத்தான் ஊற்றிக்கொண்டு வருகிறேன்.