எழுதியதை நீக்கும் துணிவு

(எழுத்துப் பயிலரங்கு ஒன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



எழுத விழைவோர்க்கு வழிகாட்டும் நூல்கள் பல உள்ளன. எப்படித் தொடங்குவது, எப்படி வளர்ப்பது, எப்படி முடிப்பது என அவை விரிவாகக் கூறுகின்றன. எழுதி முடித்ததில் எதை விடுவது, எதைக் காப்பது என்று கூறுபவை சிலவே. அந்தப் பாடத்தைக் கண்டிப்புடன் கற்பிக்கும் துறை ஒன்று உண்டு. அனிமேஷன் என்று உலகம் வழங்கும் அசைவூட்டப் படத்துறையே அது. அத்துறைக்கு எழுத விரும்புவோர் மட்டுமல்லர். சிறுகதையும் நாவலும் எழுத விரும்புவோரும் அதனிடம் கற்க வேண்டியவை உள.

முதலில் ஒரு கணக்கு. திரையில் ஒரு நொடிக்கு 24 பிரேம்கள் ஓடுகின்றன. ஓர் ஓவியத்தை இரண்டு பிரேம்களுக்குப் பயன்படுத்தினாலும் நொடிக்கு 12 ஓவியங்கள் வேண்டும், நிமிடத்திற்கு 720. இஃது ஒரு பாத்திரத்திற்கு மட்டுமே ஆகும் கணக்கு. “ஊரே திரண்டு வந்தது” என்று எழுத எழுத்தாளனுக்கு ஒரு வரி போதும். வரைபவர்க்கோ அது பல வாரப் பணி. நடிகர்களைக் கொண்டு எடுக்கும் படத்தில் ஒரு காட்சியைப் பல கோணங்களில் எடுத்து வைத்துப் பின்னர் வெட்டி ஒட்டலாம். வரைந்தெடுக்கும் படத்திற்கு அந்த வசதி இல்லை. எனவே, வெட்டும் வேலை வரைவதற்கு முன்னரே, எழுத்து நிலையிலேயே, பெரும்பாலும் முடிந்துவிட வேண்டும்.

அவ்வாறு முடியாதபோது நேரும் இழப்பிற்கு ஒரு சான்று உண்டு. 1937ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஸ்னோ ஒயிட்’ படத்தில் ஏழு குள்ளர்களும் சூப்பு அருந்தும் நகைச்சுவைக் காட்சி ஒன்று இருந்தது. வார்ட் கிம்பல் என்னும் இளம் ஓவியர் பல மாதம் உழைத்து அதனைப் பென்சில் ஓவியமாக அசைவூட்டி முடித்திருந்தார். காட்சி நன்றாகவே அமைந்திருந்தது. ஆயினும், அது கதையின் ஓட்டத்தைத் தடுக்கிறது என்று கருதிய வால்ட் டிஸ்னி அதனை நீக்கிவிட்டார். நன்றாக இல்லாததை நீக்குவது எளிது. நன்றாக இருந்தும் கதைக்கு வேண்டாததை நீக்குவதே கடினம்.

இத்தகைய இழப்பைக் குறைப்பதற்கென 1930களின் தொடக்கத்தில் டிஸ்னி நிறுவனத்தில் உருப்பெற்ற முறையே கதைப்பலகை. காட்சிகளைச் சிறு சிறு தாள்களில் கோட்டோவியமாக வரைந்து, வரிசையாகப் பலகையில் ஊசி குத்தி வைப்பர். எழுதியவரோ வரைந்தவரோ அதன் முன் நின்று கதையை நடித்துக் காட்டுவார். கேட்போர் எங்கே சிரிக்கின்றனர், எங்கே கொட்டாவி விடுகின்றனர் என்பது அங்கேயே தெரிந்துவிடும். தளர்ந்த இடத்துத் தாள்கள் கழற்றப்படும், புதியவை ஏறும். பின்னர் அவ்வோவியங்களுடன் தற்காலிகக் குரலும் இசையும் சேர்த்துத் திரையில் ஓட்டிப் பார்ப்பர். ஒரு தாளைக் கழற்றுவதற்கு ஆகும் செலவு ஓர் ஊசியை எடுக்கும் நேரமே.

இம்முறை எழுத்தாளனிடம் எதிர்பார்க்கும் முதல் தகுதி, காணத்தக்கவற்றை எழுதுதல். “அவள் மனம் உடைந்தாள்” என்னும் தொடரை வரைய இயலாது. அவள் இரண்டு குவளைகளை எடுத்து வைக்கிறாள். பிறகு ஒன்றை மீண்டும் அலமாரியில் வைத்துவிடுகிறாள் என்று எழுதினால் வரையலாம். பார்ப்பவர் மனமும் உடையும். 2009இல் வெளிவந்த ‘அப்’ படத்தின் தொடக்கப் பகுதியில் ஒரு தம்பதியரின் முழு வாழ்வும் ஏறத்தாழ நான்கு நிமிடத்தில், ஓர் உரையாடலும் இன்றிச் சொல்லப்படுகிறது. சொல் இல்லாத அப்பகுதியையும் எழுத்தாளர்களே உருவாக்கினர் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

தமிழ் பயின்றோர்க்கு இது புதிய செய்தி அன்று. உள்ளத்து உணர்வு உடலின்வழி வெளிப்படுவதை மெய்ப்பாடு எனப் பெயரிட்டு, எட்டாக வகுத்து, ஒவ்வொன்றும் தோன்றும் நிலைக்களன் நான்கு நான்காகத் தொல்காப்பியம் கூறுகிறது. அச்சத்தைக் காட்ட விரும்புவோன் “அஞ்சினான்” என்று எழுதாமல், எதனால் அஞ்சினான், அப்போது அவன் உடல் என்ன செய்தது என்று எண்ணிப் பார்க்கத் தூண்டும் இலக்கணம் அது. இளம் எழுத்தாளர் மெய்ப்பாட்டியலைத் தேர்வுக்குரிய பாடமாக மட்டும் கருதாமல் தொழிற்கருவியாகவும் கொள்ளலாம்.

அடுத்தது பாத்திரப் படைப்பு. கொலோடி என்னும் இத்தாலியர் 1881 முதல் 1883 வரை தொடராக எழுதிய கதையே ‘பினோக்கியோ’. மூலக்கதையில் மரப்பொம்மைச் சிறுவன் முரடன். அறிவுரை கூற வந்த பேசும் பூச்சியைத் தொடக்கத்திலேயே சுத்தியலால் அடித்துக் கொன்றுவிடுகிறான். அதனைப் படமாக்கத் தொடங்கியபோது, அச்சிறுவனிடம் பார்ப்போர்க்குப் பரிவு எழாது என்பது புலனாயிற்று. 1938இல் டிஸ்னி வேலையை நிறுத்தினார். சிறுவன் வெள்ளையுள்ளம் கொண்டவனாக மாற்றி வரையப்பட்டான். அடிபட்டு மடிந்த பூச்சி, அவனுடைய மனச்சான்றாகக் கதை முழுவதும் உடன்வரும் பாத்திரமாயிற்று. படம் 1940இல் வெளிவந்தது. சிறு பாத்திரம் ஒன்றனுள் கதையின் திறவுகோல் ஒளிந்திருக்கக்கூடும் என்பது இதனால் விளங்கும்.

இதனினும் ஆழ்ந்த பாடம் ‘டாய் ஸ்டோரி’ படத்தின் வரலாற்றில் உண்டு. முழுவதும் கணிப்பொறியால் உருவான முதல் முழுநீளத் திரைப்படமாகிய அது 1995 நவம்பரில் வெளிவந்தது. அதற்குச் சரியாக ஈராண்டுக்கு முன், 1993 நவம்பர் 19ஆம் நாள், அதுவரை உருவான கதைப்பலகைத் தொகுப்பைப் பிக்ஸார் குழுவினர் டிஸ்னி மேலாளர்க்குத் திரையிட்டுக் காட்டினர். கதைத்தலைவனாகிய வூடி என்னும் பொம்மை அதில் மற்றப் பொம்மைகளை ஏசுகிறது; புதிதாய் வந்த பொம்மையை வேண்டுமென்றே சன்னலுக்கு வெளியே தள்ளுகிறது. பார்த்தவர்க்கு வெறுப்பே மிஞ்சியது. பணி நிறுத்தப்பட்டது. குழுவினர் சில மாதங்களில் கதையை மீண்டும் எழுதினர். திருத்திய கதையிலும் வூடிக்குப் பொறாமை உண்டு. ஆனால், குழந்தையின் அன்பை இழந்துவிடுவோமோ என்னும் அச்சத்திலிருந்து அப்பொறாமை பிறக்கிறது. சன்னல் வழியே வீழ்ச்சியும் நினைத்ததைக் கடந்து நேர்ந்த விபத்தாகிறது. வெறுக்கப்பட்ட பொம்மை உலகெங்கும் விரும்பப்பட்டது. மூலத் திரைக்கதைக்கான ஆஸ்கார் விருதுக்கு முதன்முதலாகப் பரிந்துரை பெற்ற அசைவூட்டப் படமும் அதுவே.

இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. வூடி கொடியவன் ஆனதற்குக் காரணம், கதையில் காரம் கூட்ட வேண்டும் என்று மேலிடத்திலிருந்து வந்துகொண்டே இருந்த அறிவுரை. குழுவினர் அதற்குப் பணிந்து பணிந்து எழுதியதில் கதையின் உயிர் போயிற்று. கருத்துக் கூறுவோர் நோயைச் சரியாகவே உணர்வர். அவர் கூறும் மருந்து பல நேரங்களில் பொருந்தாது. “இவ்விடத்தில் சலிப்புத் தட்டுகிறது” என்றால் அதனை நம்ப வேண்டும். “இங்கே ஒரு சண்டை சேர்த்துவிடுங்கள்” என்றால் அதனை ஆராய வேண்டும். சலிப்பின் வேர் பத்துப் பக்கம் முன்னே இருக்கலாம். அதனைத் தேடிக் காண்பது எழுத்தாளன் கடமை.

ஆகவே, விடத்தக்கது எது, விடத்தகாதது எது என்னும் தெளிவு வேண்டும். ஒரு வரி, ஒரு நகைச்சுவை, ஒரு காட்சி, ஒரு பாத்திரம் ஆகியவை விடத்தக்கன. இக்கதையை ஏன் எழுதத் தொடங்கினோம் என்பதற்கான விடை விடத்தகாதது. அவ்விடையை ஒரே வாக்கியத்தில் எழுதி, எழுதும் மேசையின் முன் ஒட்டி வைப்பது நலம். எதை நீக்கினாலும் அவ்வாக்கியம் நிலைத்தால் இழப்பில்லை.

இனி, நடைமுறைக்குச் சில. நாள்தோறும் குறித்த நேரத்தில் எழுதுக. தொடங்கியதை முடித்த பின்னரே திருத்துக. முடித்ததைச் சில நாள் மறைத்து வைத்துப் பிறகு பிறர் எழுத்தைப் படிப்பதுபோல் படித்துப் பார்க்க. உரையாடலை உரக்கப் படித்துப் பழகுக. அமெரிக்க முறையில் குரலைப் பதிவு செய்த பின்னரே வரைவதால், வாயில் வராத வசனம் படத்திலும் வராது. தொலைக்காட்சித் தொடர்களில் 11 நிமிடமும் 22 நிமிடமும் வழக்கமான அளவுகள். முதலில் ஓரிரு பத்திகளில் கதைக்கரு, அடுத்துக் காட்சிச் சுருக்கம், அதன்பின் முழுத் திரைக்கதை என்பதே முறை. பிடித்த குறும்படம் ஒன்றை ஒலியின்றிப் பார்த்து, கண்டதை மட்டும் எழுதிப் பழகுவது நல்ல பயிற்சி. வரையத் தெரியாதவர் குச்சி உருவங்களேனும் போட்டுப் பார்க்கலாம்.

எழுத்தை விட்டுக்கொடுப்பது வேறு. உரிமையை விட்டுக்கொடுப்பது வேறு. ஊதியம் பெறும் ஊழியராகப் பணியின்போது எழுதியதற்கு, மாற்று ஒப்பந்தம் இல்லையேல், நிறுவனமே முதல் உரிமையாளர். தனித்து எழுதுவோர் கையொப்பமிடும் முன் ஒப்பந்தத்தை முழுவதும் படிக்க வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி உரிமை மாற்றம் எழுத்து வடிவில் இருத்தல் வேண்டும். காலம் குறிக்கப்படாவிடில் ஐந்தாண்டு என்றும், இடம் குறிக்கப்படாவிடில் இந்தியாவிற்குள் என்றும் கொள்ளப்படும். திரையரங்கிற்கு வெளியே படம் பயன்படும்போது எழுத்தாளர்க்குரிய உரிமைத்தொகைப் பங்கை 2012ஆம் ஆண்டுத் திருத்தம் உறுதி செய்துள்ளது. பெயர் எவ்வாறு இடம்பெறும் என்பதையும் முன்னரே எழுதி வாங்குவது நன்று. ‘டாய் ஸ்டோரி’ திரைக்கதைப் பரிந்துரையில் எழுவர் பெயர்கள் இருந்தன. பலர் கூடிச் செய்யும் கலையில் பெயரே எழுத்தாளனின் அடுத்த வேலைக்கு வழி.

பலகையிலிருந்து கழற்றப்பட்ட தாள்கள் வீணானவை அல்ல. அவற்றை எழுதியதனால்தான் எஞ்சியவை எவை என்பது தெரிந்தது. அன்று சூப்புக் காட்சியை இழந்த வார்ட் கிம்பல் மனம் வெறுத்து வெளியேற எண்ணினார், வெளியேறவில்லை. ‘பினோக்கியோ’வில் மனச்சான்றாக வரும் அந்தப் பூச்சியை வரையும் பொறுப்பு அவருக்கே கிடைத்தது. இளம் எழுத்தாளர்கள் தம் கையாலேயே தம் தாள்களைக் கழற்றப் பழகுவார்களாக.