உவப்பினால் உயர்ந்த உயிர்: தமிழில் நாயும் மனிதரும்



வளர்ப்பு நாய்க்கும் மனிதர்க்கும் இடையே நிலவும் அன்பைப் பற்றி மொழியியலார் பேச என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். கால்நடை மருத்துவரும் உளவியலாரும் பேச வேண்டிய பொருள் என்று தோன்றுவது இயல்பே. ஆயினும் அன்பு சொல்லில்தான் வெளிப்படுகிறது. நாம் நாயை எந்தச் சொல்லால் அழைக்கிறோம், எந்த வினைமுற்றால் அதன் செயலைக் கூறுகிறோம் என்பவற்றை ஆராய்ந்தால் அவ்வுறவின் தன்மை ஓரளவு விளங்கும்.

செராசின் தாமான்களில் மாலை நேரத்தில் வரிசை வீடுகளைக் கடந்து நடந்தால், "அவன் காலையிலிருந்து சாப்பிடவில்லை", "இவள் இடிச் சத்தத்துக்குப் பயப்படுவாள்" என்னும் பேச்சு காதில் விழும். பேசப்படுவது பேரப்பிள்ளையா, ஜிம்மி என்னும் நாயா என்பது உடனே விளங்குவதில்லை. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அதே வீட்டில் நாய்க்கு இடும் கட்டளை பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும்: 'சிட்', 'கம்', 'ஸ்டே'. கொஞ்சல் மட்டும் தமிழில் வரும்: 'வாடா கண்ணு', 'என்னடா தங்கம்'. அதிகாரத்திற்கு ஒரு மொழி, அன்பிற்கு ஒரு மொழி. வீட்டின் உள்ளத்து மொழி எது என்பதை நாயிடம் பேசும் பேச்சே காட்டிவிடுகிறது.

இவ்வாறு 'அவன்', 'அவள்' என்பது இலக்கணப் பிழை ஆகாதா? மக்களை உயர்திணை என்றும் பிறவற்றை அஃறிணை என்றும் பகுத்த மொழி நம்முடையது. நாய் அஃறிணை, 'வந்தது' என்பதே நேர்முடிபு. எனினும் அப்பகுப்பை வகுத்த மரபே அதைக் கடக்கவும் வழி வைத்தது. மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, சினம், இழிவு ஆகிய காரணங்களால் திணையும் பாலும் மாறி வருதல் இயல்பே என்று 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் விதித்தார். மகிழ்ச்சியால் வரும் மாற்றத்திற்கு உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டு, பசுவைத் தாய் போற் கருதி 'வந்தாள்' என முடிப்பது. செராஸ் வீட்டில் 'ஜிம்மி வந்தான்' என்பதும் அதே வழுவமைதியே.

அதே விதி மறுதிசையிலும் இயங்குகிறது. அன்பினால் நாயை 'அவன்' என உயர்த்துகிறோம். சினத்தினால் மனிதனை 'நாய்' எனத் தாழ்த்துகிறோம். ஒரே சொல் ஒரே வீட்டின் முற்றத்தில் செல்லமாகவும் வசையாகவும் ஒலிக்கிறது. நம் இலக்கியத்திலும் இவ்விரு நிலையும் உண்டு. மாணிக்கவாசகர் தம்மை இறைவன்முன் தாழ்த்திக்கொள்ளும்போது நாயினும் கீழாகத் தம்மை வைக்கிறார். நாலடியாரோ நட்பைப் பேசுமிடத்தில் யானையை விலக்கி நாயைப் போற்றுகிறது. பல்லாண்டு பழகிய பாகனையே யானை கொல்லக்கூடும். நாயோ தன்மேல் எறிந்த வேல் உடம்பில் தைத்திருக்கும்போதும் எறிந்தவனைக் கண்டு வாலாட்டும் என்பது அதன் கருத்து.

சொல்வளமும் பழைமையானது. நாயின் குட்டியைக் 'குருளை' என்றும், பெண் நாயைப் 'பாட்டி' என்றும் தொல்காப்பிய மரபியல் குறிக்கிறது. பூழி நாட்டார் நாயை 'ஞமலி' என்பர் எனத் திசைச்சொல்லுக்கு உரையாசிரியர்கள் சான்று தருவர். கூர்ந்து பார்த்துப் பழகிய உயிருக்கன்றி இத்தனை சொற்கள் தோன்றா.

சொற்களைவிட உறுதியான சான்று கல்லில் உள்ளது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று இருக்கிறது. எருமைகளைக் காக்கப் போரிட்டு இறந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எடுத்த கல் அது. வீரனின் உருவத்திற்கு அருகே அவனுடைய நாயும் செதுக்கப்பட்டுள்ளது. அது கள்ளரைக் கடித்துக் காத்து நின்ற செய்தி தனியே பொறிக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்று படிக்கப்பட்டுள்ள அதன் பெயரும் இடம்பெற்றிருக்கிறது. அக்காலத்தில் எத்தனையோ மனிதர் கல்லில் பெயரின்றி மறைந்தனர். ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊர், ஒரு நாயின் பெயரை மறக்கலாகாது என்று எண்ணியிருக்கிறது.

இவ்வுறவு தமிழர்க்கு மட்டும் உரியதன்று. ஜெர்மனியில் பான் நகருக்கு அருகே ஓபர்காசலில் 1914இல் கண்டெடுக்கப்பட்ட புதைகுழியில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஒரு நாயும் இருந்தனர். அதன் காலம் ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது. அந்த இளநாய் கடும் நோயுற்றுப் பல வாரம் மனிதரின் பராமரிப்பால் உயிர் தாங்கியது என்று பற்களை ஆராய்ந்தவர்கள் கருதுகின்றனர். வேட்டைக்கும் காவலுக்கும் உதவாத நோயாளி நாயை அவர்கள் பேணினார்கள் என்றால், பயன் கருதாத அன்பு அன்றே தோன்றிவிட்டது எனலாம். நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் நோக்கும்போது இருவர் உடலிலும் ஆக்சிடோசின் என்னும் இயக்குநீர் மிகுவதை 2015இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். தாய்க்கும் சேய்க்கும் இடையே பிணைப்பை வளர்க்கும் நீரும் அதுவே.

இத்தனையும் கூறக் காரணம் உண்டு. பிள்ளைகள் வேற்றூரிலும் வெளிநாட்டிலும் வாழ, முதியவர் ஒருவர் நாயோடு தனித்திருக்கும் வீடுகள் நம்மிடையே பல. பன்னிரண்டு ஆண்டுகள் உடனிருந்த நாய் இறந்தால், ஆறுதல் கூற வருபவர் வாயில் வருவது "நாய்தானே" என்னும் சொல். 'தான்' உறுதிப்படுத்தும், 'ஏ' அதற்குமேல் பேச இடமில்லை என்று கதவை அடைக்கும். இரண்டு சிறு இடைச்சொற்கள் ஒருவரின் துயரத்தைத் துயரமே அன்று என ஆக்கிவிடுகின்றன. உயிரோடிருந்தவரை 'வந்தான்' என்று சொல்லப்பட்டவனை, இறந்த அன்று 'செத்தது' என்று மட்டுமே சொல்ல வேண்டிய நெருக்கடி அவர்க்கு நேர்கிறது. இலக்கணம் இடம் கொடுத்திருக்க, நாம் ஏன் மறுக்க வேண்டும்? "அவன் போய்விட்டானாமே" என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

உயர்திணைச் சொல் கடமையையும் உடன் கொண்டுவரும். தோட்டத்து லயங்களிலிருந்தும் தரை வீடுகளிலிருந்தும் அடுக்குமாடிக்குக் குடிபெயரும்போது, 'அவன்' திடீரென 'அது' ஆகித் தெருவில் விடப்படலாகாது. விலங்கை வளர்ப்பவர் அதன் தேவைகளை நிறைவேற்ற வேண்டும் என்பதை நம் நாட்டின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டமும் கடமையாக்கியுள்ளது. ஊராட்சி மன்ற உரிமம் பெறுதல், தடுப்பூசி போடுதல், கழுத்துவார் இன்றி வெளியே விடாதிருத்தல் ஆகியனவும் அன்பின் பகுதிகளே. நாயைத் தொடுவதில் சமய வரையறை உடைய மலாய் அண்டை வீட்டாரின் மனம் நோகாமல் வளர்ப்பது பன்மை வாழ்வின் பண்பு.

நம் முன்னோர் உயிர்களை இரு திணையாகப் பிரித்தனர். உவப்பு வந்தால் அவ்வெல்லையைத் தாண்டலாம் என்றும் விதித்தனர். அவ்விதியை நாயைக் கொஞ்சும்போது மட்டுமன்றி, அது முதுமையுற்று நோயுறும்போதும், அதை இழந்தவர்க்கு ஆறுதல் கூறும்போதும் நாம் கைக்கொள்வோமாக.