இளையோர் திருமணமும் சட்டமும்

பெண்ணுக்கு 18 வயது, ஆணுக்கு 21 வயது. திருமணத்துக்குச் சட்டம் முதலில் கேட்பது இந்த வயதைத்தான். சாதியை அது கேட்பதில்லை, ஜாதகத்தைக் கேட்பதில்லை, வயது நிறைந்தவர்களிடம் பெற்றோர் சம்மதத்தையும் கேட்பதில்லை. மீனவர் குப்பமும் ஆலைத் தொழிலாளர் குடியிருப்பும் அடுத்தடுத்து இருக்கும் காத்திவாக்கத்தில், பல சாதி, பல மதத்துப் பிள்ளைகள் ஒன்றாக வளரும் ஊரில், ஒவ்வொரு வீட்டுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

புரோகிதர் இல்லாமல், சடங்கு இல்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 1967-இல் அண்ணா அரசு இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்து அந்த அநீதியைத் துடைத்தது. முன்பே நடந்த திருமணங்களும் செல்லும் என்றது. உறவினரோ நண்பரோ முன்னிலையில், இருவருக்கும் புரிந்த மொழியில், ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னால் போதும். மாலை மாற்றினாலும் போதும், மோதிரம் அணிவித்தாலும் போதும், தாலி கட்டினாலும் போதும். ஊரறிய நடத்தாவிட்டாலும் அது திருமணமே என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. மிகச் சரியான தீர்ப்பு. உயிருக்கு அஞ்சி மணப்பவர்களை ஊரைக் கூட்டச் சொல்வது அவர்களை ஆபத்தில் தள்ளுவதாகும்.

மதம் மாறாமல் வேறு மதத்தவரை மணக்க, 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. அதன் 30 நாள் அறிவிப்புக் காலம்தான் பல காதலர்களுக்குக் கண்டம். எந்த மதத்துத் திருமணமானாலும், 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும். பதியாததாலேயே திருமணம் செல்லாமல் போய்விடாது. ஆனால் ஜீவனாம்சமோ வாரிசுச் சான்றோ கேட்டுப் பெண் நிற்கும் நாளில், பதிவுச் சான்றிதழ்தான் அவளுக்காகப் பேசும்.

மணமுடிக்காமல் சேர்ந்து வாழ்வது குற்றமன்று. மணத்துக்கு முந்தைய உறவு பற்றிச் சொன்ன கருத்துக்காக நடிகை குஷ்பு மீது தொடுக்கப்பட்ட வழக்குகளை 2010-இல் ரத்துசெய்தபோது உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. ஆணுக்கு 21 நிறையாவிட்டாலும் 18 கடந்த இருவர் சேர்ந்து வாழலாம் என்று 2018-இல் கேரள வழக்கொன்றில் சொன்னது. மணக்கத் தகுதியுள்ள இருவர் கணவன் மனைவி போலவே நெடுநாள் வாழ்ந்திருந்தால், 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி அந்தப் பெண் பாதுகாப்பும் பராமரிப்பும் கேட்கலாம். ஆனால் 18 நிறையாதவரோடு பாலுறவு கொள்வது, காதலே ஆனாலும், போக்சோ சட்டப்படி குற்றம்.

வயது வந்த இருவரின் முடிவில் குறுக்கிட ஊர்ப் பஞ்சாயத்துக்கோ உறவினர் கூட்டத்துக்கோ அதிகாரம் கிடையாது. இதை 2018-இல் சக்தி வாஹினி வழக்கில் சொன்ன உச்ச நீதிமன்றம், மாவட்டந்தோறும் அவர்களின் புகாரைக் கேட்கச் சிறப்புப் பிரிவு அமைக்கவும் உத்தரவிட்டது. மிரட்டல் வந்தால் எழுத்தில் புகார் தர வேண்டும். பாதுகாப்புத் தருவது காவல்துறையின் கடமை.