மரத்துக்கு ஓய்வு உண்டு



மம்பாவ் பக்கம் பேச வந்துவிட்டு ரப்பர் தோட்டத்தைப் பற்றிப் பேசாமல் போனால் உங்கள் பாட்டிமார் என்னை விடமாட்டார்கள். ஆனால் கஷ்டக் கதை சொல்ல வரவில்லை. இன்று பட்டம் வாங்கும் நீங்கள் நாளை நாலு பேருக்கு மேலே உட்காரப் போகிறவர்கள் என்பதால் ஒரு கணக்கைச் சொல்ல வந்தேன்.

பால்மரம் வெட்டுவது விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். வெயில் ஏறுவதற்குள்தான் பட்டைக்குள் பாலின் அழுத்தம் நன்றாக இருக்கும், மங்கு நிறையும். ஒரே மரத்தை நாள்தோறும் சீவவும் மாட்டார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்பதுதான் பரவலான வழக்கம். மிதமிஞ்சிச் சீவினால் பட்டை காய்ந்து பால் நின்றுவிடும். 1925-இல் மலாயாவில் உருவான ரப்பர் ஆராய்ச்சிக் கழகம், எத்தனை நாளுக்கு ஒருமுறை, பட்டையில் எவ்வளவு நீளத்துக்குச் சீவலாம் என்றெல்லாம் சோதித்துத் தோட்டங்களுக்கு எடுத்துச் சொன்னது. சீவிய பட்டை மறுபடி வளர ஆண்டுக்கணக்கில் விட்டுவைத்தார்கள்.

மரம் ஓய்ந்திருந்த அன்று அதைச் சீவியவர் எங்கே இருந்தார்? பக்கத்து நிரையில் இருந்தார். ஒன்று ஓய்ந்தால் மற்றது என்று அவருக்கு மாற்றி மாற்றிக் காடு கொடுத்திருந்தார்கள். மரத்தின் ஓய்வு ஏட்டில் இருந்தது. ஆளின் ஓய்வு அந்த ஏட்டில் இல்லை. மழை பெய்தால் வேலை நிற்கும், கூடவே கூலியும் நிற்கும்.

ஓய்வில்லாத அந்த உழைப்பின் அழுத்தம் எங்கே போனது? ஆண்களுக்குக் கள்ளுக்கடை இருந்தது. பெண்களுக்கு அதுவும் இல்லை. எழுந்து சமைத்து, கைப்பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டு, காலைப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, ஓடி, திரும்பி வந்து துணி துவைத்து, கள்ளுக்கடையிலிருந்து வருகிறவரையும் சமாளித்தார்கள். இதைத் தியாகம் என்று பாடிவிட்டு நகர்ந்துவிடுவது நமக்குச் சுலபமாக இருக்கிறது.

இதே பழக்கத்தில், தன்னைத் தேய்த்துக்கொள்கிறவரைத்தான் நாம் தலைவர் என்கிறோம். அரசியல் தலைவர் துன் வீ.தி. சம்பந்தன், தோட்டங்கள் துண்டாடி விற்கப்படுவதைக் கண்டு 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி போடுங்கள் என்று பால்வெட்டுக்காரர்களிடமே கேட்டார். பெரிய காரியம், இன்றைக்கும் அந்தச் சங்கம் நிற்கிறது. 1979-இல் அவர் மறைந்தபோது வயது 59. உழைப்புதான் காரணம் என்று சொல்ல நான் மருத்துவரில்லை. ஆனால் இப்படிப்பட்டவர்களைப் பற்றிப் பேசும்போது "தூங்கவே மாட்டார், வீட்டையே மறந்தார்" என்று கைதட்டுகிறோமே, அந்தக் கைதட்டலில் எனக்கு உடன்பாடில்லை. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்தால் பக்கவாதமும் இதய நோயும் கூடுகின்றன என்று உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் கணக்குக் காட்டின. 2016-இல் மட்டும் இதனால் ஏறத்தாழ 7,45,000 சாவுகள்.

நம் மலேசியச் சட்டம் 2023 ஜனவரி முதல் வார வேலை நேரத்தை 48 மணியிலிருந்து 45 ஆகக் குறைத்தது. பிரசவ விடுப்பு 98 நாள், அப்பாவுக்கு ஏழு நாள். நல்லதுதான். ஆனால் இரவு பதினொன்றுக்கு மெனேஜர் போடும் வாட்சாப்பை எந்தச் சட்டம் எண்ணுகிறது? அவர் "அவசரமில்லை, நாளைக்குப் பார்க்கலாம்" என்றுதான் எழுதியிருப்பார். அதைப் படித்தவருக்குத் தூக்கம் போய்விடும். பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் போய்விடும். மேலே இருப்பவரின் களைப்பு அவரோடு நிற்பதில்லை. கீழே இருக்கும் பத்து வீட்டுச் சாப்பாட்டு மேசை வரை போகிறது. உடம்பைக் கவனித்துக்கொள்வதைச் சொந்த விஷயம் என்று நீங்கள் நினைத்தால், அந்தப் பத்து வீட்டையும் கணக்கில் சேர்க்கவில்லை என்று பொருள்.

இன்னொன்று. அன்றைய தோட்டத்து லயத்தில் ஒருவர் இரண்டு நாள் பேசாமல் உட்கார்ந்திருந்தால் பக்கத்து வீட்டு அக்கா "என்னய்யா, உடம்புக்கு என்ன?" என்று கேட்டுவிடுவார். வம்பும் உண்டு, ஆனால் கவனிப்பும் இருந்தது. இன்றைக்குத் தாமான் வீட்டில் இரும்புக் கேட்டுக்குள் கணவனும் மனைவியும் மட்டும். அங்கே ஒருவரையொருவர் கவனிக்க நேரமில்லை என்றால் வேறு யாரும் வரப்போவதில்லை. பதவி ஏற ஏற ஆபீசில் எல்லாரும் "சரி சார்", "சரி மேடம்" என்பார்கள். "நீ செய்தது தப்பு" என்று முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய ஒரு மனைவி, ஒரு கணவன், பழைய நண்பன், தங்கச்சி, யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் கூப்பிடும்போது "மீட்டிங்" என்று சொல்லாதீர்கள்.

என்றாவது வேலை அட்டவணை போடும் அதிகாரம் உங்கள் கைக்கு வரும். அன்று முதலில் உங்கள் விடுப்பை அதில் எழுதுங்கள். எல்லார் கண்ணிலும் படும்படி எழுதுங்கள். நீங்கள் எடுக்காத விடுப்பை உங்களுக்குக் கீழே இருப்பவர் கேட்கத் துணியமாட்டார்.