நம் பெயரில் பிறர் வாங்கிய கடன்

புணே நகரை அடுத்து, முளா, பவனா என்னும் இரு நதிகளின் நடுவே சாங்வி என்றோர் ஊர் உள்ளது. அங்கே கடைசல் வேலை செய்யும் தமிழர் ஒருவர் நமக்கு நெடுநாளைய பழக்கம். வீடு வாங்க எண்ணி அவர் வங்கி ஒன்றில் கடன் கேட்டார். "முன்பு வாங்கிய கடனுக்கே தவணை நிற்கிறதே!" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவரோ கைம்மாற்றுகூட வாங்கியறியாதவர். ஏட்டைப் பார்த்தால், பெயர் அவருடையது. பான் எண்ணும் ஆதார் எண்ணும் அவருடையவை. கைப்பேசி எண் மட்டும் யாருடையதோ! "பணம் போனால் சம்பாதிக்கலாம், ஐயா. பெயரல்லவா போய்விட்டது!" என்று நம்மிடம் வந்து நின்றார். மொழிபெயர்ப்பே நம் தொழிலாகையால், அவருடைய புகாரை மராத்தியில் எழுதித் தரும் பொறுப்பு நம்மைச் சேர்ந்தது. அவருடன் அலைந்ததால் தெரிந்துகொண்டவற்றைத் தாயகம் விட்டு வாழும் உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

ஆள்மாறாட்டம் செய்து ஏய்ப்பது புதிய குற்றமன்று. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்திலேயே அதற்கு இடமுண்டு. கணினி வந்தபின் அதன் உருவம் மாறிற்று. 2004ஆம் ஆண்டில், ஒரு பெண்ணின் பெயரால் பொய்யான மின்னஞ்சல் கணக்குத் தொடங்கி, அவரை இழிவுபடுத்தும் செய்திகளைப் பரப்பிய ஒருவன் மீது சென்னை எழும்பூர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. புகார் கொடுத்த அவ்வாண்டிலேயே, நவம்பர் 5ஆம் நாள் அவன் தண்டிக்கப்பட்டான். மறு ஆண்டு, 2005இல், புணேயிலேயே ஓர் அழைப்பு மையத்தின் ஊழியர் சிலர் அமெரிக்க வாடிக்கையாளர்களின் இரகசிய எண்களைத் தெரிந்துகொண்டு, சுமார் மூன்றரை லட்சம் டாலரைப் பொய்ப் பெயர்களில் திறந்த கணக்குகளுக்கு மாற்றியதாகக் கைதாயினர். அடையாளத் திருட்டு என்ற தனிப் பிரிவு அப்போது சட்டத்தில் இல்லை.

அக்குறை 2008ஆம் ஆண்டின் திருத்தத்தால் நீங்கிற்று. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66சி, 66டி என்னும் பிரிவுகள் சேர்க்கப்பட்டு, 2009 அக்டோபர் 27 முதல் நடைமுறைக்கு வந்தன. பிறருடைய கடவுச்சொல்லையோ, மின் கையொப்பத்தையோ, தனி அடையாளம் எதையுமோ வஞ்சகமாகப் பயன்படுத்தினால் மூன்றாண்டு வரை சிறையும், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பயன்படுத்தியதே குற்றம், பணம் போயிருக்க வேண்டுமென்பதில்லை. இவற்றோடு, 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சம்ஹிதையின் 319ஆம் பிரிவு, ஆள்மாறாட்ட ஏமாற்றுக்கு ஐந்தாண்டு வரை சிறை விதிக்கிறது.

இனி, வழக்கு நடக்கும் விதத்தைப் பார்ப்போம். பணம் போயிருந்தால் முதலில் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். விரைந்து சொன்னால் பணம் வழியிலேயே நிறுத்தப்படக் கூடும். அடுத்தது போலீஸ் நிலையம். குற்றம் வேறு ஊரில் நடந்தது என்று சொல்லிப் புகாரை மறுக்க இயலாது; எந்த நிலையமும் பதிவு செய்து உரிய இடத்திற்கு அனுப்ப வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். பதிய மறுத்தால் மேலதிகாரிக்கு எழுதலாம். அதற்கும் பயனில்லையேல், பிரமாணப் பத்திரத்துடன் மாஜிஸ்திரேட்டை அணுகலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டக் குற்றங்களை இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாதவரே விசாரிக்க வேண்டும்.

66சி, 66டி ஆகியவை ஜாமீனில் விடத்தக்க குற்றங்கள். ஆகவே எதிரி மறுநாளே தெருவில் நடமாடினால், வழக்குத் தோற்றுவிட்டதென்று மனம் உடைய வேண்டாம். வழக்கின் உயிர் சாட்சியத்தில் உள்ளது. மின்னணுப் பதிவின் நகலைக் கோர்ட்டில் வைப்பதற்குச் சட்டம் கேட்கும் சான்றிதழ் இன்றியமையாதது என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. ஆதலின், வந்த குறுஞ்செய்திகளை அழித்துவிடாதீர்கள். அந்தக் கைப்பேசியை விற்றுவிடாதீர்கள்.

கோர்ட்டில் நம்மவர் அஞ்சுவது மொழியை. மகாராஷ்டிரத்தில் கீழ்க் கோர்ட்டுகளின் மொழி மராத்தி. ஆனால் சாட்சி தமிழில் பேசலாம்; அதைக் கோர்ட் மொழியில் பெயர்த்துப் பதிவு செய்வார்கள். எதிரிக்குப் புரியாத மொழியில் சாட்சியம் சொல்லப்பட்டால், அவனுக்குப் புரியும் மொழியில் எடுத்துரைக்க வேண்டும் என்பதும் சட்டம். படித்துப் புரியாத தாளில் கையொப்பம் இடாதீர்கள். படித்துக் காட்டும்படி கேட்பது உங்கள் உரிமை.

இதில் மற்றோர் அபாயமும் உண்டு. நம் நகலைக் கொண்டு திறந்த கணக்கில் திருட்டுப் பணம் வந்து விழுந்தால், போலீஸ் தேடி வருவது நம்மையே. ஏழாண்டுக்குக் குறைந்த தண்டனையுள்ள குற்றங்களில், ஆஜராகுமாறு அறிவிப்புக் கொடுப்பதே பொதுவான முறை. அதை அலட்சியம் செய்யாமல், தாள்களுடன் சென்று நிற்பவரைக் காரணம் எழுதாமல் கைது செய்ய இயலாது. வக்கீலுக்கு வசதியில்லாதவர் 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி கேட்கலாம்.

இறுதியாக ஒன்று. கோர்ட் குற்றவாளியைத் தண்டிக்கும்; கடன் ஏட்டில் உள்ள கறையைத் தானாக அழித்துவிடாது. முதல் தகவல் அறிக்கையின் நகலுடன் வங்கிக்கும் கடன் தகவல் நிறுவனத்துக்கும் தனியே எழுத வேண்டும். முப்பது நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு நூறு ரூபாய் ஈடு என்பது 2024 முதல் உள்ள ரிசர்வ் வங்கி விதி. சமரசம் பேசி எதிரி பணத்தைத் திருப்பித் தந்தாலும், கடன் தம்முடையதன்று என்ற எழுத்து கைக்கு வராமல் இணங்காதீர்கள்.

நம் நண்பரின் வழக்கு இன்னும் முடியவில்லை. ஏட்டிலிருந்து அக்கடன் மட்டும் நீங்கிவிட்டது. அறை பிடிப்பதற்காக முன்பின் அறியாத தரகரிடம் கொடுத்த ஒரு நகல்தான் இத்தனைக்கும் வித்து என்பது அவர் ஐயம். இப்போதெல்லாம் எந்த நகலைக் கொடுத்தாலும், அதன் குறுக்கே தேதியையும் காரணத்தையும் எழுதிக் கையொப்பமிட்டே கொடுக்கிறார். அயலூரில் நமக்குள்ள முதல் சொத்து நம் பெயர். அதை நாமும் அவ்வாறே காப்போம்.